அடியில் இருந்த இலையுதிர்காலம்

நான் ஓய்வு பெற்று இரண்டு வருடங்கள் ஆகின்றன. போன மாதம், எங்கள் பழைய பட்டறையில் இப்போது வேலை பார்க்கும் சாந்தி எனக்கு ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். ஓர் இயந்திரம் எண்ணெய் ஓவியத்தை அச்சடிக்கிறது. வண்ணத்தை மட்டும் அல்ல, தூரிகை இழுத்த தடத்தின் மேடு பள்ளத்தையும் சேர்த்து அச்சடிக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு தடவினால் அசல் போலவே இருக்குமாம். கடலோர ஹோட்டல்களில் அறைக்கு ஒன்று மாட்ட ஆரம்பித்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தாள். கூடவே ஒரு கேள்வி: "அக்கா, இனிமே பிரஷ் தடத்த யாரு லா உத்துப் பாக்கப் போறாங்க?"

நான் அப்போது பினாங்கில், ஆயர் ஈத்தாம் வீட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டேன். பேச்சு நீண்டதில் மதியக் குழம்பு இரவுக்குத்தான் ஆனது. அவளிடம் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

நான் ஓவியம் படித்தவள் இல்லை. புக்கிட் தெங்காவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, ஈயம் பற்றவைத்த இடங்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கும் வேலை. அந்தப் பிரிவை மூடியபோது, ஜார்ஜ்டவுனில் பழைய ஓவியங்களைப் பழுதுபார்க்கும் ஒரு பட்டறைக்கு மைக்ராஸ்கோப் பார்த்துப் பழகிய ஆள் தேவை என்று ஒரு தோழி சொன்னாள். போனேன். அதை நடத்திக்கொண்டிருந்தவர் மேடம் ஊய். வெளிநாட்டில் இந்த வேலையைப் படித்துவிட்டுத் திரும்பி, ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் பட்டறை வைத்திருந்தார். மூக்குக்கண்ணாடி எப்போதும் தலைமேல்தான் இருக்கும். நேர்காணல் என்று ஒன்றும் இல்லை. ஒரு சிறிய ஓவியத்தைக் காட்டி, "என்ன தெரியுது?" என்றார். "இங்கே ஒரு முடி ஒட்டியிருக்கு" என்றேன். அது தூரிகையிலிருந்து உதிர்ந்து வண்ணத்தோடு காய்ந்துபோன முடி. மறுநாளே வரச் சொல்லிவிட்டார்.

முதல் சில வருடங்கள் பஞ்சு சுற்றியதிலேயே போயின. மூங்கில் குச்சியின் நுனியில் பஞ்சைச் சுற்றி, நனைத்து, ஓவியத்தின்மேல் தேய்க்காமல் உருட்ட வேண்டும். அழுக்கு பஞ்சுக்கு வரும், வண்ணம் வரக்கூடாது. முதல் கட்ட அழுக்கை எடுக்க மருந்துகளைவிட மனிதர் எச்சில் நல்லது என்று மேடம் சொன்னபோது கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தேன். கேலி இல்லை. இன்றும் பல இடங்களில் அப்படித்தான் செய்கிறார்கள்.

மேடம் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. பாராட்டியும் கேட்டதில்லை. எந்த ஓவியம் வந்தாலும் முதல் நாள் யாரும் அதைத் தொடக்கூடாது என்பது அவருடைய சட்டம். சாய்பலகையில் நிறுத்தி, எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு, "தெங்கோக் டூலு" என்பார். முதலில் பார் என்று அர்த்தம். பிறகு மேல்விளக்கை அணைத்து, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் கைவிளக்கைச் சாய்த்துப் பிடிப்பார். அந்தப் பக்கவெளிச்சத்தில், தட்டையாகத் தெரிந்த ஓவியம் திடீரென்று உழுத நிலம் மாதிரி எழுந்து நிற்கும். தூரிகை எங்கே அழுந்தியது, எங்கே தூக்கப்பட்டது, எந்தத் திசையில் போனது, எந்த இடத்தில் தயங்கியது எல்லாம் நிழலாகத் தெரியும். நாங்கள் பேசிக்கொண்டது ஆங்கிலமும் மலாயும் கலந்த ஒரு பாஷையில். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

நான் சொல்ல வந்த ஓவியம், வேலையிலிருந்து நிற்பதற்குச் சில வருடங்களுக்கு முன் வந்தது.

கொண்டுவந்தவர் வள்ளியப்பன். செட்டிநாட்டுக் குடும்பம், மூன்று தலைமுறையாகப் பினாங்கில் இருக்கிறார்கள். அவருடைய தகப்பனார் டாக்டர், காலமாகிவிட்டார். வீட்டுக் கூரை ஒழுகி, கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த ஓவியத்தில் பூஞ்சை பிடித்திருந்தது.

"அப்பச்சி ஸ்காட்லாந்துல படிச்சப்போ வாங்கிட்டு வந்தது. யாரோ வெள்ளக்காரன் வரைஞ்சது. சும்மா கிளீன் பண்ணா போதும் லா" என்றார். அப்பாவை அவர்கள் அப்பச்சி என்றுதான் சொல்வார்கள்.

ஓரடிக்கு ஒன்றரை அடி இருக்கும். இலையுதிர்காலத்துக் காடு. பழுப்பும் மஞ்சளுமாக மரங்கள், மேலே ஒழுங்கான வெள்ளை மேகங்கள், வலது கீழ் மூலையில் ஓர் ஓட்டு வீடு. வீட்டுக்குப் புகைபோக்கி, சன்னலில் மஞ்சள் வெளிச்சம். காலண்டரில் வருமே, அந்த மாதிரி. இலையுதிர்காலத்தை நான் பார்த்ததில்லை. தாசேக் கெலுகோரில் என் தங்கை வீட்டுக்குப் போகும் வழியில், பிப்ரவரி வெயிலில் ரப்பர் மரங்கள் சிவந்து இலை கொட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அதுதான் எனக்குத் தெரிந்த இலையுதிர்காலம். அதனால் இந்தப் படம் எனக்கு ஒன்றும் செய்யவில்லை.

அன்று மாலை மேடம் பக்கவெளிச்சத்தைப் பிடித்தார்.

மேலே தெரிந்த மேகம் மெல்லியது, வழவழப்பானது. ஆனால் அதற்கு அடியில் வேறு ஏதோ புடைத்துக்கொண்டிருந்தது. மேகத்தின் ஓரம் இடமிருந்து வலமாகப் போக, அடியில் இருந்த மேடுகள் அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு கீழிருந்து மேலே பாய்ந்தன. இஸ்திரி போட்ட விரிப்புக்கு அடியில் யாரோ முழங்காலை மடக்கிப் படுத்திருப்பது போல இருந்தது.

"லெட்சுமி, கீழே இன்னொரு ஓவியம் இருக்கு" என்றார் மேடம்.

மறுநாள் மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். அடி வண்ணத்தில் மெல்லிய வெடிப்புகள். மேல் வண்ணம் அந்த வெடிப்புகளுக்குள் வழிந்து இறங்கியிருந்தது. அப்படியென்றால் அடி ஓவியம் காய்ந்து, வருடங்கள் கடந்து, வெடிப்பு விட்ட பிறகுதான் மேலே பூசியிருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே தூசியும் இருந்தது. மேடம் தன் கண்ணால் பார்த்துவிட்டு உறுதியாகச் சொன்னார்: "ரெண்டு கை. கீழே வரைந்தவன் தோளில் இருந்து வரைகிறான். மேலே பூசியவன் விரல் நுனியால் பூசுகிறான். ரெண்டும் ஒரே ஆளாக இருக்க முடியாது."

வள்ளியப்பனிடம் அனுமதி வாங்கி, மேகத்தின் ஓரத்தில் மேல் வண்ணத்தை மட்டும் எடுத்து, நகக்கண் அளவுக்கு ஒரு சன்னல் திறந்தோம். கரைப்பானைக் குழைவாக்கி ஒரு பொட்டு வைப்பது, கொஞ்ச நேரம் விடுவது, பஞ்சால் உருட்டி எடுப்பது, மிச்சத்தை மைக்ராஸ்கோப்பின் கீழ் கத்தி முனையால் தூக்குவது. தடித்த வண்ணத்தில் இது கொடுமையான வேலை. தூரிகை மயிர்கள் போட்ட பள்ளங்களுக்குள் மேல் வண்ணம் ஒளிந்துகொள்ளும். மூச்சை அடக்கிக்கொண்டு ஒவ்வொரு பள்ளமாக எடுக்க வேண்டும்.

அடியில் இருந்தது மேகமே இல்லை. மரத்தின் உச்சி வானத்துக்குள் பாய்ந்திருந்தது. ஒரே இழுப்பு, அந்த இழுப்பின் ஒரு பக்கம் ஆரஞ்சு, மறு பக்கம் கரும்பச்சை. தூரிகையின் இரண்டு ஓரத்திலும் இரண்டு வண்ணத்தை அள்ளி, கலக்காமல் அப்படியே வீசியிருக்கிறார்கள். வெயில் பட்ட பக்கமும் நிழல் பக்கமும் ஒரே வீச்சில் வந்திருந்தன. இழுப்பு முடிந்த இடத்தில் வண்ணம் சுருண்டு, தோசைக் கரண்டியிலிருந்து வழிந்த மாவு போலக் கெட்டியாக நின்றது. ஓர் இலைகூட வரையப்படவில்லை. நாற்காலியை விட்டு எழுந்து சுவர் வரைக்கும் பின்னால் போய்ப் பார்த்தேன். அந்த நகக்கண் அளவு இடத்தில் காற்று அடித்தது. வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

சன்னலை இடது மேல் மூலை வரை பெரிதாக்கினோம். அங்கே, ஈர வண்ணத்தில் தூரிகையின் கட்டை முனையால் கீறிய ஒரு சுழி கிடந்தது.

"பறவையா?" என்றார் மேடம்.

"பறவை இல்ல மேடம். இது எழுத்து. பிள்ளையார் சுழி."

தமிழர்கள் எதை எழுத ஆரம்பித்தாலும் மேலே இந்த 'உ'வைப் போட்டுவிட்டுத்தான் தொடங்குவார்கள் என்று விளக்கினேன். மேடம் தலையிலிருந்த கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். "அப்படியானால் இதை வரைந்தவர்..." என்று நிறுத்தினார். நான் வள்ளியப்பனுக்குப் போன் செய்தேன்.

"அண்ணே, உங்க வீட்ல யாராச்சும் படம் வரைவாங்களா?"

"எங்க வீட்லயா? யாரும் இல்லம்மா. ஏன்?"

சுழியைப் பற்றிச் சொன்னேன். "ஆத்தாவும் அப்பச்சிகூட ஸ்காட்லாந்துல இருந்தாங்க. இருங்க, கேக்குறேன்" என்றார்.

அந்த வாரமே தாயாரை அழைத்துக்கொண்டு வந்தார். உமையாள் ஆச்சி. எண்பதைத் தாண்டியவர். வெளிர்நீலப் புடவை, கையில் தடி. குறுகலான மாடிப்படியில் மகன் பிடிக்க வந்த கையை விலக்கிவிட்டு, தானே ஏறி வந்தார். நாற்காலியில் உட்கார்ந்ததும் ஓவியத்தைப் பார்த்தார். எந்த ஆச்சரியமும் முகத்தில் இல்லை. கடையில் கொடுத்த சாமானைச் சரிபார்ப்பது போலப் பார்த்தார்.

"கண்டுபிடிச்சுட்டீங்களா" என்றார்.

"ஆச்சி, இது நீங்க வரைஞ்சதா?"

"ஆமா. அவங்க காலையில ஆஸ்பத்திரிக்குப் போனா ராத்திரிதான் வருவாங்க. ஒரே ரூம். எதுத்தாப்புல காடு. எனக்கு இருவத்திநாலு வயசு. சும்மா எவ்ளோ நேரம் உக்காந்திருக்கிறது?"

நான் மேடத்துக்கு மொழிபெயர்த்தேன். மேடம் அந்த ஆரஞ்சு இழுப்பைக் காட்டி, இவ்வளவு துணிச்சலான வீச்சு எங்கே கற்றுக்கொண்டது என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். ஆச்சி சிரித்துவிட்டார்.

"துணிச்சல் என்னா துணிச்சல்? குளிரு. வெரலு மடங்கல. பிரஷ்ஷ வெரலால புடிக்க முடியாம, கரண்டி மாதிரி கைய மூடிப் புடிச்சேன். அப்படிப் புடிச்சா இப்படித்தான் வரும்." தடியை மடியில் வைத்துவிட்டு, மூடிய கையைத் தோளிலிருந்து மேலே வீசிக் காட்டினார். அறுபது வருடத்துக்குப் பிறகும் அந்த வீச்சின் வளைவு, கேன்வாஸில் இருந்த வளைவுக்கு அச்சாகப் பொருந்தியது.

"வண்ணம் இவ்ளோ தடிப்பா இருக்கே, ஆச்சி?"

"டர்பன்டைன் வாசம் ஆகாதுன்னு வீட்டுக்காரம்மா சொல்லிருச்சு. எதுல கரைக்கிறது? டியூப்புல இருந்து அப்படியே எடுத்து அப்புனேன்."

மேடம் கேட்டுவிட்டு மெல்ல உட்கார்ந்தார். நாங்கள் இரண்டு பேரும் அந்தத் தடங்களைப் பார்த்து என்னென்னவோ ஊகித்து வைத்திருந்தோம். கோபம் என்றார் மேடம். சந்தோஷம் என்றேன் நான். விறைத்த விரலும் வீட்டுக்காரம்மாவின் மூக்கும்தான் காரணமாம். அதைத் தெரிந்துகொண்ட பிறகு ஓவியம் கொஞ்சமும் சிறுத்துப்போகவில்லை. எனக்கு அது இன்னும் பெரிதாகத் தெரிந்தது. கிடைத்த எல்லாத் தடையும் அவர் கையில் காற்றாக மாறியிருந்தது.

"மேல பூசுனது யாருன்னு தெரியுமா ஆச்சி? மேடம் வேற ஆளுங்கிறாங்க."

"வேற யாரு? அதுவும் நான்தான்."

மொழிபெயர்த்தபோது மேடம் நம்பவில்லை. இன்னொரு தடவை கேட்கச் சொன்னார்.

"ரெண்டும் என் கைதான்" என்றார் ஆச்சி நிதானமாக. "இங்க வந்து வருசம் ஆயிருச்சு. புள்ளைங்க பொறந்தாச்சு. ஒரு நாள் வீட்டுக்கு வந்த டாக்டர் ஒருத்தரு, இது என்னா, உங்க பையன் கிறுக்குனதான்னு கேட்டாரு. நல்ல மனுசன்தான், தெரியாமக் கேட்டாரு. எனக்குத்தான் தாங்கல. அடுத்த வாரமே பெயின்ட் வாங்கியாந்து, மேகம் போட்டேன், வீடு போட்டேன். ஒழுங்கா, பாக்குறவங்களுக்குப் புரியிற மாதிரி."

"அப்பச்சி ஒண்ணும் சொல்லலியா?" என்றார் வள்ளியப்பன்.

"ஆஸ்பத்திரியில இருந்து வந்தாங்க. பாத்தாங்க. 'எதுக்கு உமை?'ன்னு ஒரு வார்த்த கேட்டாங்க. அப்புறம் உள்ள போயிட்டாங்க. அவங்களுக்கு மொதல்ல இருந்ததுதான் புடிக்கும். எனக்கு அப்பத்தான் தெரிஞ்சுச்சு."

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. அடுத்தவர் பூசியதை எடுக்கலாம்; வரைந்தவரே மாற்றியதைத் தொடக்கூடாது. ஆனால் வரைந்தவர் உயிரோடு எதிரில் உட்கார்ந்திருந்தார். மேடம் அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: எடுக்கவா, வேண்டாமா? எடுத்தால் மேலே இருப்பது என்றைக்கும் திரும்பி வராது.

"எடுங்க" என்றார் ஆச்சி.

"ஆத்தா, அந்த வீடு?" என்றார் வள்ளியப்பன். ஐம்பத்தைந்து வயது மனிதர். "அந்த வீட்டுக்குள்ள யாரு இருக்காங்கன்னு யோசிச்சுக்கிட்டேதான் சின்ன வயசுல தூங்குவேன். காய்ச்சல் வந்தாக்கூட சோபாவுல படுத்துக்கிட்டு அதையேதான் பாத்துக்கிட்டிருப்பேன். உங்களுக்குத் தெரியாது."

ஆச்சி அவரை நிமிர்ந்து பார்த்தார். அது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. என் பக்கம் திரும்பி, "வீட்ட மட்டும் விட்ருங்கம்மா" என்றார்.

மேடமும் ஒப்புக்கொண்டார். வேலையைத் தொடங்கினோம். மேல் வண்ணத்தைப் பலவிதமாகப் படம் பிடித்து வைத்துக்கொண்டு, மூலையிலிருந்து ஆரம்பித்தோம். மாதக்கணக்கில் நடந்தது. காலையில் பஸ்ஸில் வரும்போதே, இன்று எந்த மரம் வரும் என்று மனசு அடித்துக்கொள்ளும். வாழ்நாளில் வேலைக்குப் போக அவ்வளவு அவசரப்பட்டதில்லை. ஓர் இடத்தில் தூரிகையில் வண்ணம் தீர்ந்துபோயும் கை நிற்காமல் போயிருந்தது; வெறும் மயிர்கள் கேன்வாஸைப் பிராண்டிய கோடுகள், உதிர்ந்துகொண்டிருக்கும் கிளையாக நின்றன. இன்னோர் இடத்தில் சிவப்பைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்திருந்தார். விரல் ரேகை அப்படியே இருந்தது. மேடம் ஒவ்வொரு மாலையும் பக்கவெளிச்சத்தைப் பிடிப்பார். ஒரு நாள் என் தோளில் கையை வைத்தார். அத்தனை வருடங்களில் அது ஒரு தடவைதான்.

வீட்டைத் தவிர எல்லாம் எடுத்து முடிந்ததும் வள்ளியப்பன் தனியாக வந்தார். பக்கவிளக்கை மட்டும் போட்டுக் காட்டினேன். அருகில் போனார். சுவர் வரை பின்னால் வந்தார். மறுபடி அருகில் போனார்.

"கிட்டப் போனா வெறும் பெயின்ட்டும்மா. இங்கருந்து பாத்தா காத்தடிக்குது" என்றார், ஏதோ நான்தான் அதை ஒளித்து வைத்திருந்தது போல.

"ஆமாண்ணே."

நெடுநேரம் அப்படியே முன்னும் பின்னுமாக நடந்துகொண்டிருந்தார். நான் தேநீர் கலக்கிக்கொண்டு வந்து வைத்தேன், ஆறிப்போனது. கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்து, வலது மூலையையே பார்த்தார்.

"இந்த வீடு மட்டும் காத்துல ஆடாம நிக்கிது. இல்ல?"

அது நான் சொல்லக்கூடியது இல்லை.

எழுந்து போய், சன்னலின் மஞ்சள் வெளிச்சத்துக்கு அருகே, படாமல், விரலை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு, "எடுத்துருங்கம்மா. ஆத்தாகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார்.

கூரையை எடுத்தேன், புகைபோக்கியை எடுத்தேன். சன்னலையும் எடுத்தேன். அடியில் ஒன்றுமே இல்லை. வெள்ளைப் பூச்சு பூசிய கேன்வாஸ்; அதன்மேல் மூன்று நான்கு காய்ந்த இழுப்புகள், அவ்வளவுதான். மேல் வண்ணத்தோடு அடி வண்ணத்தையும் சேர்த்து எடுத்துவிட்டேனா? மேடத்தைக் கூப்பிட்டேன். அவர் மைக்ராஸ்கோப்பில் உட்கார்ந்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். கடைசியில் தலையை நிமிர்த்தினார். "நீ எதையும் எடுக்கவில்லை. இந்த இழுப்புகளைத் தவிர இங்கே எப்போதுமே வண்ணம் இருந்ததில்லை" என்றார்.

முடிந்த ஓவியத்தைப் பார்க்கத் தாயும் மகனும் ஒரு காலையில் வந்தார்கள். ஆச்சி இந்தத் தடவை நாற்காலியில் உட்காரவில்லை. தடியை ஊன்றிக்கொண்டு, ஓவியத்துக்கு எதிரே நின்றார். மரங்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து, எரிந்துகொண்டிருந்தன. அவர் உதடு மட்டும் லேசாக அசைந்தது. என்ன சொன்னார் என்று காதில் விழவில்லை.

வள்ளியப்பன் வலது மூலையைக் காட்டினார். "இங்க மட்டும் ஏன் ஆத்தா ஒண்ணும் இல்ல? புடிக்கலியா?"

"இருட்டிருச்சுப்பா" என்றார் ஆச்சி. "அங்க நாலு மணிக்கெல்லாம் இருட்டிரும். வெளக்கப் போட்டுப் பாத்தேன். அந்த வெளிச்சத்துல செவப்பு எது, ஆரஞ்சு எதுன்னு தெரியல. சரி, மிச்சத்த காலையில வரைஞ்சுக்கலாம்னு பிரஷ்ஷ வச்சுட்டேன்."

"அப்புறம்?"

"ராத்திரி பூரா காத்து. காலையில எந்திரிச்சு சன்னலத் தொறந்தா, ஒரு மரத்துலயும் ஒரு எல இல்ல."

மேடம் ஊய் என் பக்கம் திரும்பினார், ஆச்சி என்ன சொன்னார் என்று. அதை அவருக்கு மொழிபெயர்க்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.